பூஜையில் உட்கார்ந்த பெட்டி

கடையில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களிடம் என் அனுபவத்தைப் பேசச் சொன்னார் முதலாளி. நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் வீடுகளுக்குப் போவதில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை, கடையிலேயே உட்காரப் போகிறேன். செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் வீடு வீடாகப் போய்ப் பெட்டி வைக்கிற வேலை இனிமேல் உங்களுடையது.

விலைச்சீட்டில் அந்தப் பெட்டிக்கு நீளமாக ஒரு பெயர் இருக்கும். வீடுகளில் எல்லோரும் 'பெட்டி' என்றுதான் சொல்வார்கள். உள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க், பின்னால் ஒரு சின்ன விசிறி, முன்னால் ஒரு விளக்கு. கோப்புகளைப் பகிர்கிற சர்வர் மென்பொருளை அதில் ஏற்றி, ரூட்டரோடு ஒயரால் இணைத்துவிட்டால், வீட்டில் இருக்கிற எந்தப் போனிலிருந்தும் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் அதற்குள் இருப்பதை எடுக்கலாம், வைக்கலாம். மென்பொருளை ஏற்றுவதும் ஃபோல்டர் திறப்பதும் யார் எதைப் பார்க்கலாம் என்று அனுமதி கொடுப்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நான் சொல்ல வருவது அந்தப் பெட்டி போய் உட்காருகிற வீட்டைப் பற்றி.

மதுராந்தகத்தில் ஒரு அம்மா, குடும்பப் படங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன என்று தெரிந்ததும், பெட்டியைத் தூக்கி நகைகளோடு பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். ஒயர் மட்டும் கதவிடுக்கு வழியாக வெளியே வந்தது. மத்தியானமானால் பெட்டி சூடாகித் தானாக அணைந்துவிடும். போய்ப் பேசி, பீரோவுக்கு மேலே வைக்கச் சம்மதம் வாங்கினேன். அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிட்டார்கள். தூசி படுமே என்று அதன்மேல் பழைய கம்பளி ஒன்றைப் போர்த்தியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. மதிப்பான பொருளை அவர்கள் எப்படி வைத்துக்கொள்வார்களோ அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் வேலை.

ஆனால் இதை நான் முழுசாகப் புரிந்துகொண்டது ஒரு ஆயுத பூஜை அன்றைக்கு.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரியில் ஏழுமலை என்று ஒரு கல்யாண வீடியோக்காரர். வீடுதான் அவருக்கு ஸ்டுடியோ. அம்மா கன்னியம்மா, தம்பி குமார், மூன்று பேர் இருக்கிற வீடு. பெட்டியை நான்தான் வைத்துக் கொடுத்திருந்தேன். ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு போடலாமா என்று கேட்டபோது கன்னியம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "ஒரே வூட்ல குந்திகினு ஒருத்தருக்கு ஒருத்தர் பூட்டு போட்டுக்கறதா? இன்னாம்மா பேசற?" என்றார். மூன்று பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்று முடிந்தது.

அன்றைக்குக் கடைக்கு விடுமுறை. என்னுடைய கருவிப் பை கூட, ஸ்க்ரூடிரைவர், ஒயர் முனை அழுத்துகிற கருவி எல்லாவற்றோடும், முதல் நாளே கடையில் பூஜைக்கு வைத்தாகிவிட்டது. வீட்டில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது ஏழுமலை கூப்பிட்டார்.

"அக்கா, ஒரு சந்தேகம். பெட்டி ஆஃப்ல கீது. ஆஃப்ல இருந்தாலும் வைஃபைல ஃபைல் வருமா?"

வராது என்றேன்.

"அப்ப செத்தேன்" என்றார்.

விஷயம் இதுதான். கோவளத்தில் அன்றைக்கு ஒரு கல்யாணம். விடுமுறை நாள் என்று பார்த்து வைத்திருந்தார்கள். காலையில் சர்ச்சில் திருமணம், சாயங்காலம் வரவேற்பு. குமார் ஒரு கேமராவோடு சர்ச்சில் இருந்தார். மணப்பெண் பெயர் ரெஜினா. அவளுடைய அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். லீவு கிடைக்கவில்லை. கப்பல் துறைமுகத்தில் நின்ற நாளில், மகளுக்காகப் பேசி ஒரு வீடியோ எடுத்து ஏழுமலைக்கு அனுப்பியிருந்தார். வரவேற்பில் பெரிய திரையில் போட வேண்டும், அதுவரை மகளுக்குத் தெரியக் கூடாது என்பது அவர் ஆசை. அதனால் வேறு யாருக்கும் அனுப்பவில்லை. இப்போது கப்பல் நடுக்கடலில், போன் கிடைக்காது.

ஏழுமலை வீடியோவைப் பெட்டியில் போட்டுவிட்டு, பத்திரமாக இருக்கிறதே என்ற தைரியத்தில் போனிலிருந்து அழித்துவிட்டார். போன் நிரம்பிவிட்டதாம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி வந்த வீடுகளில் எல்லோரும் செய்கிற காரியம் இது. இரண்டாவது இடமாக நாம் வைத்துக் கொடுத்ததை அவர்கள் ஒரே இடமாக ஆக்கிவிடுகிறார்கள்.

அன்று காலை அவர் வாழைக்கன்று வாங்கப் போயிருந்த நேரத்தில் கன்னியம்மா ஸ்டுடியோவைத் துடைத்துக் கழுவி, கேமரா, லைட்டு, லேப்டாப் எல்லாவற்றோடும் பெட்டியையும் பிளக்கைப் பிடுங்கி எடுத்துப்போய் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். சந்தனம், குங்குமம், கதம்ப மாலை. இனி மறுநாள் காலை மறுபூஜை முடிகிற வரை யாரும் கை வைக்கக் கூடாது.

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"கேட்டேன்க்கா. தூக்குனா கையை ஒடிப்பேன்னுச்சு. ஒண்ணு சொல்லட்டுமா? வீடியோ கீதுன்றதே பொண்ணுக்குத் தெரியாது. போடலன்னா யாருக்குத் தெரியப்போவுது? அவங்கப்பா கரைக்கு வரதுக்குள்ள நான் எதுனா ஒரு வழி..."

அவர் முடிப்பதற்குள் இன்னொரு அழைப்பு வந்தது. குமார். ஏழுமலை என்னையும் இணைத்துவிட்டார் போலிருக்கிறது, பின்னால் சர்ச் மணியோடு குமாருடைய குரல் கேட்டது. "இன்னாண்ணா, பொண்ணு ஒரு படத்துக்கும் சிரிக்க மாட்டேங்குது. அப்பா ஒரு வார்த்தை கூட அனுப்பலன்னு உம்முனு கீது. எல்லாப் படமும் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி வந்துகினு கீது."

அதற்குப் பிறகு ஏழுமலை, தெரியாமல் விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. நானும் அடுப்பை அணைத்தேன்.

கருவிப் பை இல்லை. வீட்டுப் பரணில் நீளமான நெட்வொர்க் ஒயர் ஒரு சுருள் கிடந்தது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போனேன். வழியெல்லாம் உடைத்த பூசணிக்காய். வளைந்து வளைந்து ஓட்டிக்கொண்டே கன்னியம்மாவிடம் என்ன பேசுவது என்று யோசித்தேன். எனக்குப் பேச வராது. பெட்டியைத் தூக்கித்தான் ஆகவேண்டும் என்று வாதாடுகிற தைரியமும் இல்லை. என் பையும் கடையில் சந்தனத்தோடு உட்கார்ந்திருக்கும்போது எந்த முகத்தோடு வாதாடுவது?

வாசலிலேயே கன்னியம்மா நின்றிருந்தார். "வா தாயி. சுண்டல் சாப்டு. பெட்டிய மட்டும் கேக்காத."

உள்ளே அம்மாவும் மகனும் சண்டையைத் தொடர்ந்தார்கள்.

"ஏம்மா, பஸ்ஸுக்கு பூஜை போட்டுட்டு உடனே ஓட்டலையா? ஆட்டோ ஓடலையா?"

"ஓடும். பஸ்ஸுக்கு வேலை ஓடறது. அதனால ஓடுது. உன் பெட்டிக்கு இன்னாடா வேலை? வருசம் பூரா ஒரு மூலையில குந்திகினு இருக்கறதுதானே? அது இங்கயே குந்திகினு இருக்கட்டும்."

ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு மட்டும் அந்த அம்மா சரியாகத்தான் சொல்கிறார் என்று பட்டது. இவ்வளவு வருடம் நான் வாடிக்கையாளர்களுக்கு நீட்டி முழக்கிச் சொல்லிப் புரியவைக்க முயன்றதும் அதுதான். சர்வர் என்றால் ஒரே இடத்தில் இருக்கும். நாம் அதனிடம் போக வேண்டாம், தொட வேண்டாம். வேண்டியது தானாக நம்மிடம் வரும்.

சுற்றிலும் பார்த்தேன். ஃப்ரிட்ஜுக்கு மூன்று பொட்டு. மின்விசிறிக்கு ஒன்று. சுவரில் இருந்த ரூட்டருக்கும் ஒன்று. எல்லாம் பொட்டோடு ஓடிக்கொண்டிருந்தன.

"அம்மா," என்றேன், "ஃப்ரிட்ஜை நிறுத்தலையே?"

"அத்த நிறுத்துனா பால் கெட்டுடும்."

"இதை நிறுத்தினதால ஒரு பொண்ணோட கல்யாண நாள் கெட்டுகிட்டு இருக்கும்மா."

ஏழுமலை ரகசியம் காப்பதாக நினைத்து அம்மாவிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. 'ஒரு ஃபைலு வேணும்' என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார். ஃபைலுக்காக யார் சாமியை எழுப்புவார்கள்? நான் கப்பலைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் சொன்னேன். தட்டுத்தடுமாறித்தான் சொன்னேன். கன்னியம்மா மகனைத் திரும்பிப் பார்த்த பார்வையில், ஏழுமலை ரெண்டடி பின்னால் போனார்.

"இத்த காலையிலயே சொல்றதுக்கு இன்னாடா? வாயில கொழுக்கட்டையா?" பிறகு என்னிடம், "அதுக்காக தூக்க வுட மாட்டேன். வச்சது வச்சதுதான்."

"தூக்க வேண்டாம்மா. பெட்டி இருக்கிற இடத்துலேயே இருக்கட்டும். ஒயரை நான் இங்க கொண்டுவரேன்."

அவர் கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தார், சாமி படத்தைச் சுற்றி மின்னிக்கொண்டிருந்த சீரியல் விளக்கைப் பார்த்தார். "கரெண்ட்டு வந்தா பரவாயில்ல. அதுவும் ஒரு விளக்கு மாதிரிதானே" என்றார்.

கூடத்தில் இருந்த ரூட்டரிலிருந்து ஒயரை எடுத்து, திரைச்சீலைக் கொக்கிகளில் மாட்டி, தோரணத்தோடு தோரணமாக உள்ளே கொண்டுவந்தேன். பெட்டியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தேன். காற்று போகிற ஓட்டைகளை எல்லாம் மூடிச் சந்தனம் அப்பியிருந்தது. அப்படியே ஓடவிட்டால் விசிறி காற்றில்லாமல் திணறும், டிஸ்க் வெந்துபோகும். நான் சுரண்டப் போனால் அது வேறு விஷயமாகிவிடும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அம்மா, இந்தப் பக்கம்தான் இது மூச்சு விடும். மூக்குல சந்தனம் இருக்கு."

"ஐயய்யோ" என்றார் கன்னியம்மா. துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவி, ஒவ்வொரு ஓட்டையாக அவரே குத்தி எடுத்து, அந்தச் சந்தனத்தைப் பெட்டியின் தலையில் வைத்தார். "வச்சவ எடுத்தா தோஷம் இல்ல" என்று சாமியிடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டார். நான் செய்திருந்தால் பாதி அளவுகூடச் சுத்தமாக வந்திருக்காது.

சீரியல் விளக்கு இருந்த பலகையிலேயே பிளக்கைச் செருகினேன். விசிறி சுற்றியது. விளக்கு சிவப்பாக மினுக்கத் தொடங்கியது. ஏழுமலை போனைத் திறந்து பார்த்தார். பெட்டி தெரியவில்லை. மறுபடி பார்த்தார். இல்லை.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம்க்கா."

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில் முக்கியமானது இங்கேதான் இருக்கிறது. பெட்டியை முறையாக அணைக்காமல் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள். அப்படி நடந்தால் அடுத்த முறை எழுந்ததும், அது முதலில் தன் டிஸ்க்கைத் தானே சரிபார்க்கும். எல்லா ஃபைலும் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து முடிக்கிற வரை கோப்புப் பகிர்வைத் தொடங்காது. அது வேலை செய்யாமல் இல்லை. செய்துகொண்டிருக்கிறது, நம்மிடம் பேசவில்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் மறுபடி அணைத்தால், எடுத்துவைத்துக்கொண்டிருப்பவன் கையைத் தட்டிவிட்ட மாதிரி. நன்றாக இருந்த ஃபைலும் போகலாம்.

காதை வைத்துக் கேட்டேன். டிஸ்க் சீராகக் கரகரத்துக்கொண்டிருந்தது. விட்டுவிட்டுத் தட்டுகிற சத்தம் இல்லை. நல்ல சகுனம். ஆனால் எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது. டிஸ்க் முக்கால்வாசி நிரம்பியிருந்தது.

"காத்திருக்கணும்" என்றேன்.

காத்திருப்பதைப்போலக் கஷ்டமான வேலை நம் தொழிலில் கிடையாது. வாடிக்கையாளர் நம் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். எதையாவது அழுத்தினால்தான் நாம் வேலை செய்கிறோம் என்று அவருக்கு ஒரு திருப்தி. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது இன்னும் கஷ்டம், எதிரில் இருப்பவரைத் திருப்திப்படுத்த நம் விரல் தானாகப் போகும்.

குமார் மறுபடி அழைத்தார். மண்டபத்தில் திரை கட்டிவிட்டார்களாம், பெண்ணின் அம்மாவுக்கு மட்டும் அப்பா முன்னாலேயே சொல்லிவைத்திருந்தாராம், அவர் வந்து வீடியோ எங்கே என்று காதோடு கேட்டுவிட்டுப் போனாராம். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுண்ணா" என்று அவரும் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் பொரி வாங்க வந்தவர், என்ன ஏது என்று விசாரிக்காமலே, "ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்களேன்" என்றார்.

ஏழுமலையின் கை பிளக்கை நோக்கிப் போனது.

"தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

அவ்வளவு சத்தமான குரல் என்னிடம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் பொரியைச் சிந்திவிட்டார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அதற்குமேல் பேச முடியாமல், பிளக் பலகைக்கு முன்னால், அதை முதுகால் மறைத்துக்கொண்டு, சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு பக்கம் கேமரா, ஒரு பக்கம் லேப்டாப், நடுவில் நான்.

"அக்கா சொல்றது கரெக்ட்டுதான்டா" என்றார் கன்னியம்மா. "அது சாமி கும்பிட்டுகினு கீது. முடிச்சிட்டு வரும். நடுவுல இழுக்காத." சொல்லிவிட்டு, வரிசையில் விட்டுப்போன ஒரு பொருளைக் கண்டவர்போல என் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டு, கையில் சுண்டல் கிண்ணத்தைக் கொடுத்தார்.

சுண்டல் தீர்ந்தது. பொரி வந்தது, அதுவும் தீர்ந்தது. வெயில் வாசலிலிருந்து நகர்ந்து சுவரில் ஏறியது. சிவப்பு விளக்கு மினுக்குவதை நிறுத்தியது. பிறகு பச்சையாக எரிந்தது, நிலையாக.

ஏழுமலை போனில் பார்த்தார். பெட்டி வந்திருந்தது. அந்த வீட்டில் பூஜைக்கு வைக்காத ஒரே கருவி அந்தப் போன்தான். அதை யாரும் எங்கேயும் வைக்க மாட்டார்கள். வீடியோ இருந்தது. போனுக்கு இறக்கினார். எழுந்து ஓடப் பார்த்தவரை நிறுத்தி, என் போனுக்கும் ஒன்று இறக்கிக்கொண்டேன். கிளம்புவதற்கு முன்னால் கன்னியம்மாவின் விரலைப் பிடித்து, பெட்டியின் முன்னால் இருக்கிற பொத்தானில் வைத்துக் காட்டினேன். இதை அழுத்தி, விளக்கு தானாக அணைந்த பிறகுதான் பிளக்கை எடுக்க வேண்டும்.

"அவ்ளோதானா? இத்த மொத நாளே சொல்லியிருந்தா?" என்றார்.

நான் சொல்லிக்கொடுத்தது மகனுக்கு. வருடத்தில் ஒரு நாள் அந்தப் பெட்டியைத் தூக்கப்போகிறவர் அம்மா. அன்றிலிருந்து, எந்த வீட்டில் பெட்டி வைத்தாலும் ஆயுத பூஜைக்கு இதை எங்கே வைப்பீர்கள், யார் எடுத்து வைப்பார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் நான் வெளியே வருவேன். கல்பாக்கத்தில் பெரிய படிப்பு படித்தவர்கள் வீட்டிலும் கேட்டிருக்கிறேன், சிரித்துவிட்டு அவர்களும் இடத்தைக் காட்டினார்கள். பூஜை இல்லாத வீடுகளில், பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வெள்ளையடிக்கும்போது யார் சாமான்களை நகர்த்துவார்கள் என்று கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.

எனக்கு வீட்டுக்குத் திரும்ப வேண்டும் போலிருந்தது. கல்யாண வீட்டுக் கூட்டமென்றால் எனக்குக் காய்ச்சல் வரும். ஆனால் இரண்டாவது பிரதி என் போனில் இருந்தது. ஏழுமலைக்குப் பின்னாலேயே ஈ.சி.ஆர் கடற்கரைச் சாலையில் கோவளத்துக்கு ஓட்டினேன்.

மேடையில் ரெஜினா உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் குமார் சொன்னது மிகையில்லை என்று தெரிந்தது. மாப்பிள்ளை ஏதேதோ காதில் சொல்லிக்கொண்டிருந்தார், அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஏழுமலை, வீடியோவின் கடைசியில் வேண்டாத பகுதி இருக்கிறது, வெட்ட வேண்டும், ஐந்து நிமிடம் கொடுங்கள் என்றார். வெட்டுவதற்கு லேப்டாப் பூஞ்சேரியில் பூஜையில் இருந்தது. பெண்ணின் அம்மா அவர் தோளைப் பிடித்துத் தள்ளினார். "போடுய்யா அப்படியே!"

போட்டார்கள்.

திரையில் ஒரு சமையலறை. வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு ஒரு மனிதர் விறைப்பாக நின்றிருந்தார். ரெஜினா எழுந்து நின்றுவிட்டாள்.

"ஜினா. அப்பா பேசறேன். அப்பா நல்லா கீறேன். நீயும் மாப்ளயும் நல்லா இருக்கணும். மாப்ள, அவளுக்கு பசி வந்தா கோவம் வரும், அந்த நேரத்துல பேச்சு குடுக்காதீங்க. கடவுள் ஆசீர்வாதம்." அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறதுபோல ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கூட்டம் கை தட்டியது.

ஆனால் வீடியோ நிற்கவில்லை. அவர் குனிந்து போனைத் தட்டினார். நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு, போனை அங்கேயே விட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கதவைத் திறந்துகொண்டு வெளிநாட்டுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். இவர் சட்டென்று நிமிர்ந்து, காலியாகத் துடைத்துவைத்திருந்த மேசையைக் கைகாட்டி, "ஆனியன், ஆனியன்" என்றார். வந்தவர் மேசையைப் பார்த்தார். அதில் ஒரு வெங்காயத் தோல்கூட இல்லை. அவர் பாட்டுக்குத் தலையாட்டிவிட்டு, உள்ளே வந்து இவர் தோளில் கை போட்டுக்கொண்டார்.

மேடையில் ரெஜினா சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் போட்ட மை எல்லாம் கன்னத்தில் இறங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குமார் மேடைக்கு முன்னால் மண்டிபோட்டு, விடாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு வாட்டி போடுங்கண்ணா" என்றாள் அவள். "பேசறது வேணாம். அந்தக் கடைசி."

மூன்றாவது தடவை போட்டபோது மண்டபத்தில் எல்லோரும் அவரோடு சேர்ந்து "ஆனியன், ஆனியன்" என்று கத்தினார்கள். ரெஜினா மாப்பிள்ளையின் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரையைக் காட்டிச் சொன்னாள்:

"பாருங்க, எங்கப்பாவுக்கு பொய் சொல்லவே வராது."